வீடு வாங்கும் முன்: எந்த ஆய்வு, யாருக்காக?



நான் சிவில் இன்ஜினியரிங் நான்காம் ஆண்டு படிக்கிறேன். நம்ம குடும்பங்களில் ஒரு பையன் இன்ஜினியரிங் சேர்ந்துட்டான்னா போதும், மின்விசிறி சத்தம் போட்டாலும் அவனைத்தான் கூப்பிடுவாங்க. இரண்டாம் ஆண்டு விடுமுறையில் அக்கா என்னைக் கூப்பிட்டாங்க. "தம்பி, கிள்ளான்ல ஒரு வீடு பார்த்திருக்கோம். நீ வந்து பார்த்துட்டு நல்லா இருக்குன்னு சொன்னா முன்பணம் கட்டிடுவோம்."

போனேன். பார்த்தேன். நல்லா இருக்குன்னு சொன்னேன்.

நான் சொன்னது தப்பு. அந்தத் தப்பு எப்படி நடந்தது, எந்த ஆய்வு செய்திருந்தால் அதைத் தவிர்த்திருக்கலாம் என்பதுதான் இந்த முறை நம் பாடம். உங்களில் பலர் இன்னும் படிச்சுக்கிட்டு இருப்பீங்க, வீடு வாங்கும் வயசு இல்லைன்னு நினைப்பீங்க. ஆனால் அண்ணனோ அக்காவோ வாங்கும்போது ஒப்பந்தத்தைப் படிச்சுச் சொல்ல உங்களைத்தான் கூப்பிடுவாங்க.

எங்க தாத்தா தோட்டத்து லயத்தில் வாழ்ந்தவர். அப்பா மலிவு விலை அடுக்குமாடியில் வாடகைக்கு இருந்தவர். நிலப்பட்டாவில் தன் பெயரைப் பார்த்தவர் எங்க குடும்பத்தில் அதுவரை யாரும் இல்லை. அக்கா தாதி, மாமா தொழிற்சாலையில் டெக்னிஷியன். வீட்டின் விலை 4 லட்சத்து 30 ஆயிரம் வெள்ளி. அதில் 10 விழுக்காட்டுக்கு இரண்டு பேரும் ஊழியர் சேமநிதியிலிருந்து எடுத்தார்கள், மீதிக்கு அக்காவின் நகை போனது. இதையெல்லாம் தெரிஞ்சுக்கிட்டுத்தான் நான் அந்த வீட்டுக்குள்ளே நடந்தேன்.

அது இருபத்திரண்டு வயசான இரட்டை மாடி வரிசை வீடு. முந்தைய உரிமையாளர் பின்பக்கம் குசினியை இழுத்துக் கட்டியிருந்தார். பழைய சுவரும் புதுச் சுவரும் சேரும் இடத்தில் மேலிருந்து கீழாக ஒரு மெல்லிய விரிசல். மயிரிழை அளவுதான். நான் கைப்பேசி விளக்கை அடிச்சு, ரொம்ப நிபுணன் மாதிரி தலையை ஆட்டி, "இது வெறும் பூச்சு விரிசல், மாமா. ஒரு மில்லிமீட்டர்கூட இல்ல. பட்டி பூசி அடிச்சா போயிடும்" என்றேன்.

பாடப்புத்தகப்படி நான் சொன்னது சரிதான். பிரிட்டன் கட்டட ஆராய்ச்சி நிலையத்தின் 251ஆம் கையேட்டில் விரிசல்களை அகலத்தை வைத்து வகைப்படுத்தியிருப்பார்கள். 0.1 மில்லிமீட்டருக்குள் இருந்தால் பொருட்படுத்த வேண்டாம். 1 மில்லிமீட்டர் வரை சாதாரண பெயிண்ட் வேலையோடு சரியாகிவிடும். 5 மில்லிமீட்டர் வரை அடைத்துப் பூசலாம், கதவு ஜன்னல் கொஞ்சம் இறுகலாம். அதற்கு மேலே போனால்தான் பெரிய வேலை. இதெல்லாம் எனக்கு மனப்பாடம். அந்தப் பருவத்தில் மண் இயக்கவியல் பாடத்தில் ஏ வேறு வாங்கியிருந்தேன்.

நான் கவனிக்காதது ஒன்று. வீடு முழுக்கப் பெயிண்ட் பழசு, குசினியில் மட்டும் புதுசு. பெயிண்ட் வாசம்கூட இருந்தது. பட்டி பூசி, பெயிண்ட் அடிச்சு, சில வாரங்கள்தான் ஆகியிருக்கும். அதற்குள் அந்த விரிசல் மறுபடியும் கோடு போட்டிருக்கிறது. இருபது வருஷப் பூச்சில் இருக்கும் மயிரிழை விரிசலும், மூணு வாரப் பூச்சில் இருக்கும் மயிரிழை விரிசலும் ஒன்றா? முதலாவது நின்றுபோன விரிசலாக இருக்கலாம். இரண்டாவது ஓடிக்கொண்டிருக்கும் விரிசல். நான் அகலத்தை அளந்தேன், வயசைப் பார்க்கவில்லை.

மாமாவின் வேலையிடத்தில் ஒருவர், "ஆளை வச்சு இன்ஸ்பெக்ஷன் பண்ணிடுங்க, 650 வெள்ளிதான்" என்று சொல்லியிருக்கிறார். மாமா என்னைக் கேட்டார். "எதுக்கு மாமா வீண் செலவு? நான்தான் பார்த்துட்டேனே" என்றேன். 650 வெள்ளி மிச்சம் பிடிச்சுக் கொடுத்தேன்னு பெருமை வேற.

பிறகு வங்கியின் மதிப்பீட்டு அறிக்கை வந்தது. மதிப்பு 4 லட்சத்து 30 ஆயிரம், கேட்ட விலையேதான். அக்கா ஃபோனில் சந்தோஷமா, "வேல்யுவேஷன் பாஸ் ஆயிடுச்சு தம்பி, வீட்டுல ஒரு பிரச்சினையும் இல்லையாம்" என்றார்கள். ஏஜெண்டும் அப்படித்தான் சொன்னாராம். அந்த அறிக்கைக்கு அக்கா கட்டியது 900 வெள்ளிக்கு மேல்.

வீட்டில் ஒரு பிரச்சினையும் இல்லை என்று அந்த அறிக்கையில் எங்கேயும் எழுதியிருக்கவில்லை. பின்னாளில் முழுசாகப் படித்தேன். கடைசிப் பக்கங்களில், பொடி எழுத்தில், தாங்கள் கட்டமைப்பு ஆய்வு எதுவும் செய்யவில்லை, மூடியிருக்கும் பகுதிகளைப் பார்க்கவில்லை, மின்சாரம் தண்ணீர் இணைப்புகளைச் சோதிக்கவில்லை என்று தெளிவாகவே இருந்தது. மதிப்பீட்டாளர் ஏமாற்றவில்லை. அவர் வேலை வேற. பக்கத்தில் அதே மாதிரி வீடுகள் சமீபத்தில் என்ன விலைக்குப் போயின என்று பார்த்து, இந்த வீட்டின் பரப்பளவு, இடம், பொதுவான நிலை ஆகியவற்றோடு ஒப்பிட்டு ஒரு தொகை சொல்வார். அந்த அறிக்கை வங்கிக்காக எழுதப்படுவது, காசு நம்முடையது என்றாலும்கூட. "நாங்கள் கொடுக்கும் கடன் திரும்பி வராவிட்டால், இந்த வீட்டை விற்று எடுக்க முடியுமா?" என்பதே வங்கியின் கேள்வி. "குசினி அடுத்த வருஷம் நிற்குமா?" என்பது நம் கேள்வி. வங்கிக்கு வந்த பதிலை எங்க கேள்விக்கும் பதிலாக எடுத்துக்கிட்டோம்.

இதுதான் இந்தப் பாடத்தின் மையம், நண்பர்களே. "சர்வே" என்று எல்லாரும் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறார்கள். உண்மையில் மூன்று வேறு வேறு ஆட்கள், மூன்று வேறு வேறு கேள்விகள். சொத்து மதிப்பீட்டாளர் விலையைப் பார்ப்பார். நில அளவையாளர் எல்லையைப் பார்ப்பார். கட்டட ஆய்வாளரோ கட்டமைப்புப் பொறியாளரோதான் கட்டடத்தின் உடல்நிலையைப் பார்ப்பார். கண் டாக்டர்கிட்ட போய், "எல்லாம் நார்மல்" என்று எழுதி வாங்கிட்டு, பல்வலி இல்லைன்னு நினைச்சுக்கிட்டா எப்படி?

முதலில் எங்க விரிசலை முடிச்சிடறேன்.

பால் காய்ச்சிக் குடிபோன எட்டாவது மாதம், அந்த விரிசலில் ஏடிஎம் அட்டை நுழைந்தது. ஏடிஎம் அட்டையின் தடிமன் ஏறக்குறைய முக்கால் மில்லிமீட்டர். அது பெரிய அகலம் இல்லைதான். ஆனால் கீழே அட்டை நுழையவில்லை, மேலே இரண்டு அட்டை சேர்ந்து நுழைந்தது. இப்படி மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் இருந்தால், இழுத்துக் கட்டிய பகுதியின் பின்முனை இறங்குகிறது, குசினி வீட்டை விட்டுப் பின்பக்கமாகச் சாய்கிறது என்று பொருள். அடுத்த மழையில் அந்த வழியாகத் தண்ணீர் வந்தது. பிறகு தரைக்கு அடியில் கழிவுநீர்க் குழாய் உடைந்தது. அக்கா மகள் கோலிக்குண்டை தரையில் வைத்தால் அது தானாகப் பின்சுவர் வரைக்கும் உருண்டு போகும். குழந்தைக்கு அது விளையாட்டு. எனக்கு அதைப் பார்க்கவே முடியவில்லை.

காரணம் எளிமையானது. கிள்ளான் பக்கம் பல இடங்களில் அடியில் இருப்பது மென்மையான கடற்களிமண். பன்னீரைத் துணியில் கட்டி மேலே கல்லை வைத்தால் தண்ணீர் மெதுவாகக் கசிந்து பன்னீர் அமுங்கும் இல்லையா, அந்த மண்ணும் அப்படித்தான். மேலே பாரம் ஏற்றினால் வருஷக்கணக்கில் தண்ணீரை விட்டு அமுங்கிக்கொண்டே இருக்கும். மேம்பாட்டாளர் கட்டிய வீடு பைலிங் போட்டு, கெட்டியான அடுக்கில் நிற்கிறது. பின்னால் இழுத்துக் கட்டிய குத்தகையாளர் செலவைக் குறைக்க மேலாகத் தோண்டி அஸ்திவாரம் போட்டிருக்கிறார். வீடு அப்படியே நிற்க, குசினி மட்டும் இறங்குகிறது. இரண்டும் சேரும் இடத்தில் சுவர் கிழிகிறது. கிள்ளான், காப்பார் வட்டாரத்தில் வரிசை வீடுகளின் பின்சந்தில் ஒரு நடை போய்ப் பாருங்க, இதே கோட்டை எத்தனை வீட்டில் பார்க்கலாம்னு.

இன்னொன்றும் தெரிய வந்தது. அந்தக் குசினிக்கு மாநகராண்மைக் கழகத்தின் அனுமதி பெற்ற வரைபடமே இல்லை. தீபகற்ப மலேசியாவில் 1974ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டப்படி இப்படி இழுத்துக் கட்டுவதற்கு வரைபட அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் கட்டியது முந்தைய உரிமையாளர், ஆனால் இப்போது வீடு அக்கா பெயரில் இருப்பதால் பிரச்சினையும் அக்காவுக்குத்தான். வாங்கும் முன்பே விற்பவரிடம், "அனுமதி பெற்ற வரைபடம் இருக்கா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கதை மாறியிருக்கும். காசு செலவில்லாத கேள்வி அது. தயங்கிப் பதில் சொல்கிறார் என்றாலே உங்களுக்குப் பாதி விஷயம் தெரிந்துவிடும்.

பதிவு பெற்ற கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் வந்து பார்த்தார். இடித்துவிட்டு பைலிங் போட்டுக் கட்டணும் என்றார். வந்த மூன்று விலைப்புள்ளிகளில் ஆகக் குறைந்தது 34 ஆயிரம் வெள்ளி. அவர் குசினிக்குள் நுழைந்ததும் முதலில் பார்த்தது விரிசலை இல்லை. பெயிண்டைத் தொட்டுப் பார்த்து, "இது எப்போ அடிச்சது?" என்று கேட்டார்.

சரி, இனி பாடத்துக்கு வருவோம். எந்த ஆய்வை எப்போது தேர்ந்தெடுப்பது?

நில அளவையை முதலில் சொல்லிவிடுகிறேன், பலருக்கு அது தேவைப்படாது. இரண்டு பக்கமும் வீடு ஒட்டியிருக்கும் வரிசை வீட்டுக்கு எல்லைத் தகராறு வருவது அரிது. அந்தக் காசை மிச்சம் பிடிங்க. மூலை வீடு, தனி பங்களா, கம்பத்து நிலம் என்றால் கட்டாயம் யோசிக்கணும். வேலி என்பது எல்லை இல்லை, எல்லைக் கல்தான் எல்லை. "இருபது வருஷமா வேலி இங்கேதான் இருக்கு, யாரும் ஒண்ணும் சொல்லல" என்று விற்பவர் சொன்னால் அதில் பிரயோசனம் இல்லை. நம் தேசிய நிலச் சட்டத் தொகுப்பின்படி, எத்தனை வருஷம் அனுபவித்தாலும் அடுத்தவர் நிலம் நமக்குச் சொந்தமாகாது. பட்டாவையும் பாருங்கள். அது இறுதிப் பட்டாவா, தற்காலிகப் பட்டாவா? தற்காலிகப் பட்டா என்றால் முறையான அளவை முடியாமல் கொடுத்தது, அதில் உள்ள எல்லையும் பரப்பளவும் பிறகு மாறலாம். இதை உரிமம் பெற்ற நில அளவையாளர்தான் செய்ய முடியும், அளவுநாடா வைத்திருக்கும் மாமாக்கள் இல்லை. நம் மக்கள் சிலர் கூட்டாகச் சேர்ந்து தோட்ட நிலம் வாங்கி, ஒரே பட்டாவில் பத்துப் பெயர் போட்டிருப்பார்கள். அதில் ஒரு பங்கை விலைக்கு வாங்கினால், "இந்த மரத்திலிருந்து அந்த வாய்க்கால் வரைக்கும் உங்களுடையது" என்று கையைக் காட்டுவார்கள். சட்டப்படி பிரித்து அளக்கும் வரை உங்கள் பங்கு எது என்று தரையில் எங்கேயும் குறிக்கப்படவில்லை. இந்த மாதிரி நிலத்தில் வழக்கறிஞரும் நில அளவையாளரும் இல்லாமல் ஒரு காசுகூடக் கொடுக்காதீங்க.

இப்போது கட்டட ஆய்வு. இங்கேதான் நம் மக்கள் சறுக்குகிறோம்.

இங்கிலாந்தில் இதற்கு நல்ல வழக்கம் ஒன்று இருக்கிறது. அங்கே சர்வேயர்கள் சங்கம் வீட்டு ஆய்வை மூன்று நிலையாகப் பிரித்திருக்கிறது. முதல் நிலை, வெளிப்படையாகத் தெரியும் நிலையைச் சுருக்கமாகச் சொல்வது. இரண்டாவது, ஓரளவு விளக்கத்தோடும் ஆலோசனையோடும். மூன்றாவது, பழைய வீடு, மாற்றிக் கட்டிய வீடு போன்றவற்றுக்கு விரிவான கட்டட ஆய்வு. எல்லாருக்கும் மூன்றாவது தேவையில்லை, முதலாவது எல்லாருக்கும் போதாது. இந்தப் பெயர்கள் நம்ம ஊரில் புழக்கத்தில் இல்லை. ஆனால் அதே யோசனையை நாம் எடுத்துக்கொள்ளலாம். ஐந்தாறு வயசான, கைவைக்காத கொண்டோமினியம் என்றால் சாதாரண ஆய்வு போதும். கசிவு, டைல்ஸ், மின்சாரம், குழாய் பார்த்தால் சரி, மீதிக்கு நிர்வாகக் குழுவின் கணக்கைப் பாருங்க. பதினைந்து வயசுக்கு மேல் ஆன வரிசை வீடு என்றால், கூரைக்குள் ஏறிப் பார்க்கும் முழு ஆய்வு. இழுத்துக் கட்டிய வீடு, தரை சாய்ந்த வீடு, விரிசல் உள்ள வீடு, சரிவில் நிற்கும் வீடு என்றால் கட்டமைப்புப் பொறியாளர். எங்க அக்கா வீடு கடைசி வகை. அதை நான் முதல் வகை மாதிரிப் பார்த்தேன், அதுவும் இலவசமாக.

ஆளைத் தேர்ந்தெடுப்பதும் ஆய்வைத் தேர்ந்தெடுப்பது மாதிரிதான். வெப்பப் படக் கருவி ஒன்று வாங்கி, சட்டையில் லோகோ குத்திக்கொண்டால் யார் வேண்டுமானாலும் "இன்ஸ்பெக்டர்" ஆகிவிடலாம். சிவப்பும் நீலமுமாகப் படம் அழகாகத்தான் இருக்கும். ஆனால் அறிக்கையில் யார் கையெழுத்துப் போடுகிறார், அவருக்கு என்ன தகுதி என்று கேளுங்க. கட்டமைப்பைப் பற்றிக் கருத்துச் சொல்கிறார் என்றால், பெயருக்கு முன்னால் "ஐஆர்" போடும் தொழில்முறைப் பொறியாளரா, மலேசியப் பொறியாளர் வாரியத்தில் பெயர் இருக்கிறதா என்று பார்க்கலாம். பழைய அறிக்கை ஒன்றை மாதிரிக்குக் கேளுங்க. "சுவரில் விரிசல் உள்ளது" என்று மட்டும் எழுதியிருந்தால் அது நமக்கே தெரியும். எதனால் வந்தது, நின்றுவிட்டதா ஓடுகிறதா, சரிசெய்ய என்ன வழி என்று எழுதியிருக்கணும். ஏஜெண்ட் அனுப்பும் ஆளை வேண்டாம் என்று சொல்லுங்க, மரியாதையாக. "இன்ஸ்பெக்ஷன் இலவசம்" என்று வரும் குத்தகையாளரையும்தான். அவர் கண்டுபிடிக்கும் ஒவ்வொரு குறைக்கும் அவரிடமே விலைப்புள்ளி இருக்கும்.

நாமே பார்க்கக்கூடியதும் நிறைய இருக்கிறது. அது ஆய்வுக்குப் பதில் இல்லை, ஆய்வாளரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொள்வதற்குத்தான். வெயிலில் ஒரு தடவை, மழை பெய்த மறுநாள் ஒரு தடவை போங்க. எங்கே மட்டும் புதுப் பெயிண்ட் என்று பாருங்க (இனி இதை நான் மறக்கவே மாட்டேன்). மாடிப்படிக்கு அடியில், கதவு நிலைகளில், கரையான் மண்கோடு ஏறியிருக்கிறதா? தட்டினால் மரம் பொள்ளலாகச் சத்தம் போடுகிறதா? மின்பெட்டியில் கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச் இருக்கிறதா, அதன் சோதனைப் பொத்தானை அமுக்கினால் விழுகிறதா? கோலிக்குண்டு ஒன்று பையில் வைத்துக்கொள்ளுங்க.

எந்த ஆய்வாளரும் முழுசாகச் சொல்ல முடியாதது, வீட்டைச் சுற்றியுள்ள இடம். 2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் வெள்ளம் வந்தபோது நம்ம இளைஞர்கள் பலர் படகில் போய்ச் சோறு கொடுத்தார்கள், உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். தண்ணீர் ஏறிய வீட்டைக் கழுவிப் பெயிண்ட் அடித்தால் ஆறு மாதத்தில் ஒன்றும் தெரியாது. வீட்டுக்குள் தேடாதீங்க, பின்சந்துச் சுவரில் கோடு தேடுங்க. பக்கத்து மளிகைக் கடையில் கேளுங்க. அருகில் இருக்கும் கோயிலில் போய், "வெள்ள நேரத்துல மண்டபத்துல ஆளுங்க தங்கினாங்களா?" என்று கேளுங்க. அவங்க பொய் சொல்ல மாட்டாங்க, அவங்களுக்கு விற்க எதுவும் இல்லை.

மலைச்சரிவும் அப்படித்தான். 1993 டிசம்பர் 11ஆம் தேதி உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடியின் ஒரு கட்டடம் சரிந்து 48 பேர் இறந்தார்கள். எங்க துறையில் எல்லாரும் அதைப் படிக்கிறோம். அங்கே பின்னால் இருந்த சரிவும், தடுப்புச் சுவர்களும், மழைநீர் போகும் வழியும்தான் கதையின் பெரும்பகுதி. வீட்டுக்குள் இருக்கும் ஒவ்வொரு டைலையும் தட்டிப் பார்த்தாலும் அது தெரியாது. சரிவில் இருக்கும் வீட்டை வாங்கப் போறீங்கன்னா, பின்னால் போய் வடிகால் அடைபட்டிருக்கா, தடுப்புச் சுவர் சாய்ந்திருக்கா என்று பாருங்க. மண் தொழில்நுட்பம் தெரிந்த பொறியாளரைக் கேளுங்க. விலை குறைவாக இருக்கிறது என்பதற்காக இதை மட்டும் விட்டுவிடாதீங்க.

எப்போது ஆய்வு செய்வது என்பது பலர் கேட்காத கேள்வி. பழைய வீடு வாங்கும்போது வழக்கமாக முதலில் 2 விழுக்காடு கட்டி வாங்குவதாகக் கடிதம் கொடுப்போம். பிறகு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்போது 8 விழுக்காடு. ஒப்பந்தத்தில் பெரும்பாலும் "உள்ளது உள்ளபடியே" வாங்குகிறேன் என்று ஒரு வரி இருக்கும். அதற்குப் பிறகு குறை கண்டுபிடித்தால் அது நம் குறை. பின்வாங்கினால் அந்த 10 விழுக்காடும் போகலாம். ஆகவே ஆய்வு 2 விழுக்காட்டுக்கு முன்னால் நடக்கணும். முடியாவிட்டால், ஆய்வு அறிக்கை திருப்தியாக இல்லையென்றால் முன்பணத்தைத் திருப்பித் தரணும் என்று அந்தக் கடிதத்திலேயே எழுதி வாங்குங்க. "வேற ஆளு ரெடியா இருக்காங்க, இன்னைக்கே முடிவு பண்ணுங்க" என்பார்கள். அக்காவுக்கும் அப்படித்தான் சொன்னார்கள்.

மேம்பாட்டாளரிடம் புது வீடு வாங்குபவர்களுக்கு நிலைமை நல்லது. தீபகற்ப மலேசியாவில் உரிமம் பெற்ற மேம்பாட்டாளரின் சட்டப்படியான ஒப்பந்தத்தில், சாவி ஒப்படைத்த நாளிலிருந்து 24 மாதத்துக்குள் தெரியும் குறைகளை, எழுத்து மூலம் தெரிவித்த 30 நாளுக்குள் அவர்கள் தங்கள் செலவில் சரிசெய்யணும். விலையில் 5 விழுக்காட்டை வழக்கறிஞர் பிடித்து வைத்திருப்பார். பாதி 8 மாதம் கழித்துப் போகும், மீதி 24 மாதம் கழித்து. நம்மாட்கள் சாவி வாங்கிய மறுவாரமே கிரில், பிளாஸ்டர் சீலிங், கேபினட் எல்லாம் போட்டுவிட்டு, பிறகு விரிசல் என்று புகார் செய்வார்கள். "உங்க குத்தகையாளர் இடித்ததால் வந்தது" என்று பதில் வரும். முதலில் ஆய்வு, புகார், திருத்தம். பிறகு கேபினட். 24 மாதம் முடிவதற்குச் சில மாதம் முன்னால் இன்னொரு தடவை முழுசாகப் பாருங்க, இரண்டு மழைக்காலம் பார்த்த வீடு முதல் நாளில் காட்டாததையெல்லாம் காட்டும். வாய்மொழியாகச் சொல்லாதீங்க, எழுதிக் கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்க.

போன மாதம் சிரம்பானில் என் அறைத்தோழன் வீட்டார் ஒரு மூலை வீடு பார்த்தார்கள். "நீயும் சிவில்தானே, வந்து பாருப்பா" என்றார் அவன் அப்பா. போனேன். கோலிக்குண்டோடு போய் எல்லாம் பார்த்துவிட்டு, "அங்கிள், என் கருத்தை வச்சு முடிவு பண்ணாதீங்க. நான் இன்னும் மாணவன். ஒரு பொறியாளரையும் ஒரு நில அளவையாளரையும் கூப்பிடுங்க" என்றேன். அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான், முகத்தில் தெரிந்தது. இரண்டு பேரும் வந்தார்கள். வீட்டில் பெரிய குறை இல்லை. வேலி மட்டும் பின்பக்கம் மூன்று அடி அரசாங்க ஒதுக்கு நிலத்துக்குள் போயிருந்தது. அந்த மூன்று அடியில்தான் விற்பவரின் துணி துவைக்கும் அறை நின்றது. அறிக்கையைக் காட்டி விலையைக் குறைக்கச் சொல்லிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

அக்கா வீட்டில் புதுக் குசினிக்கான வரைபடம் மாநகராண்மைக் கழகத்தில் இருக்கிறது. அனுமதி வரும்வரை விரிசலின் இரண்டு பக்கமும் பென்சிலால் கோடு போட்டு, தேதி எழுதி, இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை அளக்கச் சொல்லியிருக்கிறார் அந்தப் பொறியாளர். அளப்பது என் வேலை. அக்கா ஒரு நாள்கூட என்னைக் குறை சொன்னதில்லை. நேற்றும் ஃபோன் வந்தது. "தம்பி, ஞாயிற்றுக்கிழமை கோடு போடணும், மறந்துடாத. இட்லி செஞ்சு வைக்கிறேன், காலையிலேயே வந்துடு."